கிணற்றை மூட நான் கொடுத்த சம்மதம்

எங்கள் நல்ல தண்ணீர்க் கிணற்றை மூடிக்கொள்ளலாம் என்று நானே சம்மதம் கொடுத்திருக்கிறேன். அதுவும் இந்தியில் கொடுத்திருக்கிறேன். எனக்கு இந்தியில் ஓர் எழுத்து தெரியாது. ஆனாலும் மேலே உள்ளதை எல்லாம் படித்துப் புரிந்துகொண்டேன் என்று நான் ஒப்புக்கொண்டதாகக் கம்பெனியில் பதிவு இருக்கிறது. போய்க் கேட்டால் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டுகிறார்கள்.

என் பெயர் கஸ்தூரி. பந்தல்குடியில் தூத்துக்குடி ரோட்டு மேல் என் வீட்டுக்காரர் பொன்ராஜ் கடை வைத்திருக்கிறார். லாரிக்காரர்களுக்கு வேண்டிய கயிறு, தார்ப்பாய், சாக்கு எல்லாம் கிடைக்கும். பரளச்சிப் பக்கம் என் அப்பா எனக்கு எழுதிவைத்த மூன்று ஏக்கர் கரிசல் காடு இருக்கிறது. அதை நான்தான் பார்க்கிறேன். அந்தச் சுற்றுவட்டாரத்தில் எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர்தான். போர் போட்டவர்கள் எல்லாம் வாயில் ஊற்றிப் பார்த்துத் துப்பிவிட்டு வந்தார்கள். எங்கள் கிணற்றில் மட்டும் நல்ல தண்ணீர். ஏன் என்று எவருக்கும் தெரியாது. கத்தரியும் மிளகாயும் அந்தத் தண்ணீரில்தான் போடுகிறேன். கோடையில் பக்கத்துக் காட்டுக்காரர்கள் குடத்தோடு வருவார்கள், நானும் இல்லை என்று சொன்னதில்லை.

இரண்டு வருடமாக அந்தப் பக்கம் சோலார் கம்பெனி ஒன்று நிலம் நிலமாக வளைத்துப் பலகை நட்டுக்கொண்டிருந்தது. என் காட்டைக் கேட்டார்கள், தரவில்லை, போய்விட்டார்கள். இந்தக் கோடையில் மறுபடி வந்தார்கள். இப்போது நிலம் வேண்டாமாம். கரண்டு கொண்டுபோகும் டவர் ஒன்று மட்டும் என் காட்டில் நிற்க வேண்டுமாம். டவரின் ஒரு கால் எங்கே வருகிறது என்று சர்வே எடுக்க வந்த ஆளிடம் கேட்டேன். அவன் கிணற்றைக் காட்டினான்.

"கெணத்த மூடிட்டுத்தான் கால் போடணும்க்கா. நீங்க வேண்டாம்னா சொல்லலாம். மேக்க கருவேலங்காடு கம்பெனி எடம்தான். ஆட்சேபணை வந்தா அங்கிட்டு நகத்திருவாக. இந்த மாசக் கடைசிக்குள்ள கம்பெனி வெப்சைட்டுல போடுங்க."

"வெப்சைட்டு எதுக்கு? இப்பச் சொல்றேன். வேண்டாம்."

"வாயால சொன்னாச் செல்லாதுக்கா."

வாயால் சொன்னால் செல்லாது. அன்றைக்கே எனக்குச் சுருக்கென்றது. நிலம் என்னுடையது, கிணறு என்னுடையது, எதிரே நிற்கிறேன், வேண்டாம் என்கிறேன். அது காதில் ஏறவில்லை. எங்கேயோ இருக்கிற கம்ப்யூட்டரிடம் போய்ச் சொல்ல வேண்டுமாம். சரி, அதையும்தான் செய்வோம் என்று கடை நம்பரைக் கொடுத்து அனுப்பினேன்.

அங்கேதான் முதல் வினை. கடை நம்பர் என்பது என் கொழுந்தன் கொடுத்த சிம். அவன் இந்தூரில் முறுக்குக் கடை வைத்திருக்கிறான். போன தீபாவளிக்கு வந்தவன், ஏதோ குடும்பத்துக்கே சேர்த்துப் போட்ட பிளான் என்று சொல்லி அங்கே வாங்கிய சிம் ஒன்றை அண்ணனுக்குக் கொடுத்துவிட்டுப் போனான். ஓசியில் கிடைத்தால் இவருக்குக் கசக்குமா? பழைய நம்பரைத் தூக்கிப் போட்டுவிட்டு இதைக் கடைப் பலகையிலேயே எழுதிவிட்டார். வேலியில் போன ஓணானை மடியில் எடுத்து விட்டுக்கொண்ட கதைதான்.

ஆட்சேபணை போட ஒரு காலையில் நானே கடைக்குப் போனேன். கடை திறந்து சாம்பிராணி போட்டு முடித்திருந்தார். போனை வாங்கிக் கம்பெனியின் பக்கத்தைத் திறந்தேன். நம்பர் கேட்டது, போட்டேன். ஓ.டி.பி. கேட்டது, போட்டேன். அதுவரை எல்லாம் இங்கிலீஷில் ஒழுங்காகத்தான் இருந்தது. பத்தாவது வரை படித்தவள் நான், அந்த அளவுக்கு இங்கிலீஷ் எனக்கு வரும். ஓ.டி.பி. போட்டதும் பக்கம் முழுக்க இந்தியாகிவிட்டது. கொடியில் துணி காயப்போட்ட மாதிரி வரிசை வரிசையாகத் தொங்குகிறது. எதைத் தொட்டால் என்ன ஆகும் என்று தெரியவில்லை.

"என்னங்க, இந்தியில வருது."

"இந்தூர் நம்பராச்சே. அந்த ஊர்க்காரவுகன்னு நெனச்சுக்கிருச்சு போல," என்று சிரித்தார் அவர்.

நினைத்துக்கொள்ளுமாம். என்னைக் கேட்காமல் அது எப்படி நினைக்கலாம்? என் கடைக்கு வருகிற லாரிக்காரன் பஞ்சாபியா, தெலுங்கனா என்று வண்டி நம்பரைப் பார்த்து நான் முடிவு கட்டுவதில்லை. வாயைத் திறந்து கேட்கிறேன். கேட்பதற்கு ஒரு நிமிடம் ஆகுமா?

நான் சும்மா விடுகிற ஆள் இல்லை. அந்தப் பக்கத்தை மேலும் கீழும் தள்ளிப் பார்த்து, மூலையில் ஓர் உலக உருண்டைப் படம் இருப்பதைக் கண்டுபிடித்தேன். தொட்டால் பல எழுத்துகளில் ஒரு பட்டியல் விழுந்தது. அடியில் தமிழ் இருந்தது. தொட்டேன், வந்துவிட்டது. கோணல் மாணலான தமிழ்தான், 'உங்கள் ஆட்சேபணையை உயர்த்துங்கள்' என்று இருந்தது. உயர்த்தினேன். ஏன் வேண்டாம் என்று காரணம் கேட்ட கட்டத்தில், சுற்றிலும் உப்புத் தண்ணீர், இது ஒன்றுதான் நல்ல தண்ணீர், மேற்கே உங்கள் இடமே சும்மா கிடக்கிறது என்று எழுதினேன். கடைசியில் இரண்டு பட்டன் நின்றது. பச்சையில் 'சம்மதிக்கிறேன்', சிவப்பில் 'ஆட்சேபிக்கிறேன்'. சிவப்பைத் தொடக் கையைக் கொண்டுபோனேன்.

"ஏய், இரு இரு," என்று போனைப் பிடுங்கிவிட்டார் என் வீட்டுக்காரர்.

"என்ன?"

"இன்னும் போணி ஆகல. கடையில உக்காந்துக்கிட்டு விடியக்காலத்துல வேண்டாம்ங்கிறத அமுக்கப் போற. ஒரு ஆள் வரட்டும்."

எங்கள் ஆட்களுக்கு இது ரத்தத்தில் ஊறியது. முதல் வியாபாரம் ஆகாமல் கடைக்குள் இல்லை, வேண்டாம், முடியாது என்ற வார்த்தைகள் வரக்கூடாது. இல்லாத சரக்கைக் கேட்டாலும் 'நாளைக்கு வந்துரும்' என்போம். என் மாமனார், போணிக்கு முன்னால் பிச்சைக்காரரைக்கூட 'பொறவு வாங்க' என்றுதான் அனுப்புவார். நானும் அந்த வீட்டில்தான் இருபது வருடம் சோறு தின்கிறேன். எனக்கும் அந்தப் பயம் கொஞ்சம் உண்டு. சரி என்று போனைக் கல்லாவின் மேல் வைத்துவிட்டுக் காத்திருந்தேன். அந்தக் கோபம் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை, அவர் மேலும் ஆறவில்லை, என் மேலும் ஆறவில்லை.

நல்ல நேரம் பார்த்து வந்தார் ஒரு நாமக்கல் லாரிக்காரர். கயிறு கேட்டார். இழுத்துப் பார்த்தார், முறுக்கிப் பார்த்தார், பல்லால் கடிக்காததுதான் பாக்கி. "அண்ணாச்சி, பார்த்துப் போடுங்க," என்று பத்து ரூபாய்க்கு அரைமணி நேரம் நின்றார். போணி ஆள் என்பதால் இவரும் முகம் சுளிக்காமல் பேசிக்கொண்டிருந்தார். ஒருவழியாக வாங்கிக்கொண்டு போனார். இவர் ரூபாயைக் கண்ணில் ஒற்றிக் கல்லாவில் போட்டுவிட்டு, "இப்ப அமுக்கு," என்றார்.

போனை எடுத்தால் பக்கம் மறுபடி வாசலுக்கே போயிருந்தது. திரும்ப நம்பர், திரும்ப ஓ.டி.பி., திரும்ப இந்தி. உலக உருண்டையைத் தேடித் தமிழைத் தொட்டேன். உடனே வெளியே தள்ளி மறுபடி ஓ.டி.பி. கேட்டது. போட்டால் இந்தி. நாலு தடவை செய்தேன். நாலு தடவையும் தமிழைத் தொட்டதும் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியது. ஐந்தாவது தடவை, கொஞ்ச நேரம் கழித்து முயலச் சொல்லி இங்கிலீஷில் மிரட்டியது. அதற்குள் கடையில் நாலு பேர் நிற்கிறார்கள், இவர் தார்ப்பாயை விரித்துக் காட்டிக்கொண்டிருக்கிறார்.

பிறகு திறந்தபோது நேராகக் கடைசிப் பக்கத்துக்கே போய் நின்றது. நான் காரணம் எழுதியது தமிழிலேயே அப்படியே இருந்தது. சுற்றிலும் மட்டும் இந்தி. அடியில் பச்சைப் பட்டன், சிவப்புப் பட்டன், அதே இடம், அதே நிறம். மேலே ஒரு சின்னக் கட்டம், டிக் போட்டால்தான் பட்டன் வேலை செய்யும். டிக் போட்டேன். சிவப்பை அமுக்கினேன். பெரிய பச்சை டிக் ஒன்று வந்தது. கொஞ்ச நேரத்தில் வாட்ஸப்பில் கம்பெனி பெயரில் இந்தியில் நீளமாக ஒரு செய்தியும் வந்தது. அதில் எனக்குத் தெரிந்தது என் சர்வே நம்பரும் தேதியும்தான். நம்பர் சரியாக இருந்தது.

"வந்துருச்சு ரசீது," என்றார் இவர்.

இந்தூர் கொழுந்தனுக்கு அனுப்பி வாசிக்கச் சொல்லியிருக்கலாமே என்று இப்போது ஊரே என்னிடம் கேட்கிறது. ரசீதை யாராவது இன்னொருத்தருக்கு அனுப்பி வாசிக்கச் சொல்வார்களா? போட்டோ எடுத்தால் போனே மொழிபெயர்த்துத் தருமே என்றும் ஒரு மேதாவி சொன்னார். என் கிணற்றைக் கேட்டு வந்தது அவன். அவன் என் மொழியில் பேச வேண்டுமா, நான் அவனுக்குத் துபாஷி வைத்துக்கொள்ள வேண்டுமா?

ஒரு மாதம் நிம்மதியாக இருந்தேன். நேற்று முன்தினம் காட்டுக்குப் போனால் கிணற்றைச் சுற்றி மஞ்சள் பெயிண்ட் அடித்த கல் நட்டிருந்தார்கள். கருவேலங்காட்டுப் பக்கம் ஒரு கல்லும் இல்லை. ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. மறுநாள் காலையில் இவரிடம் கையை நீட்டினேன். போனைக் கொடுத்தார். பஸ் ஏறி அருப்புக்கோட்டையில் கம்பெனி ஆபீஸுக்குப் போனேன்.

அங்கே இருந்தது பாளையம்பட்டிப் பையன் ஒருவன், மாரிச்செல்வம் என்று பெயர். மரியாதையாகத்தான் உட்காரச் சொன்னான். சர்வே நம்பரைத் தட்டிப் பார்த்தான்.

"அக்கா, நீங்கதான் ஆட்சேபணைய வாபஸ் வாங்கிட்டீகளே."

"யாரு வாங்கினது? நான் போட்டேன். செவப்பு பட்டன அமுக்கினேன்."

கம்ப்யூட்டரைத் திருப்பினான். அவனும் எவரிடமோ போன் போட்டுக் கேட்டுத்தான் எனக்கு விளக்கினான். நான் தமிழில் எழுதிய காரணம் அப்போதே தானாகச் சேமிப்பாகிவிட்டதாம். ஆட்சேபணை பதிவாகிவிட்டது என்றே கணக்காம். இரண்டாம் தடவை வந்த பக்கம் வேறு பக்கமாம். 'உங்கள் ஆட்சேபணை இருக்கிறது, அப்படியே வைத்துக்கொள்ளவா, திரும்பப் பெறவா' என்று கேட்டதாம். வைத்துக்கொள்ளப் பச்சை, திரும்பப் பெறச் சிவப்பு. வேண்டாம் என்று நான் அமுக்கியது, என் 'வேண்டாம்' வேண்டாம் என்று ஆகியிருக்கிறது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. லாரிக்காரர் அரைமணி நேரம் கயிற்றை முறுக்காமல் இருந்திருந்தால், இவர் என் கையைப் பிடிக்காமல் இருந்திருந்தால், அவ்வளவு ஏன், நான் அதற்குப் பிறகு போனைத் தொடாமலே இருந்திருந்தால்கூடக் கிணறு தப்பியிருக்கும்.

"அந்தப் பக்கம் இந்தியில இருந்துச்சு தம்பி."

"அது நம்பரப் பாத்து அதுவா எடுத்துக்கிடும்க்கா. நீங்க மாத்திக்கிடணும்."

"மாத்தினா வெளிய தள்ளுது."

"அது சில நேரம் அப்படித்தான் பண்ணும். ஆனா நீங்க டிக் போட்டிருக்கீக பாருங்க. படிச்சுப் புரிஞ்சுக்கிட்டேன்னு."

"அந்த டிக்கும் இந்தியிலதான் இருந்துச்சு. எனக்கு இந்தி தெரியாதுன்னு உனக்குத் தெரியுதா இல்லையா?"

"தெரியுதுக்கா."

"பெறகு நான் எப்படிப் படிச்சுப் புரிஞ்சிருப்பேன்?"

அவன் கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான். நான் போனை அவன் முகத்துக்கு நேரே நீட்டி, "இந்தா, இந்தச் செய்தியில என்ன எழுதியிருக்குன்னு வாசி," என்றேன். அவன் வாங்கிப் பார்த்தான். தள்ளித் தள்ளிப் பார்த்தான். காது சிவந்துவிட்டது.

"எனக்கும் இந்தி வராதுக்கா. பச்சை டிக் வந்தா முடிஞ்சிருச்சுன்னு நாங்க எடுத்துக்கிடுவோம்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மேஜையைக் கவிழ்த்திருப்பேன். எழுதினவனுக்கு நான் யார் என்று தெரியாது, எழுதியது என்ன என்று எனக்குத் தெரியாது, நடுவில் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவனுக்கும் தெரியாது. மூன்று பேருக்கும் தெரியாமல் ஒரு கிணறு போகிறது.

"இனி என்ன செய்யணும்?"

"மேல எழுதிப் போடுங்க. ஆனா கெணத்த மூட இன்னைக்கு வண்டி போயிருச்சுக்கா," என்றான்.

அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை. பஸ்ஸில் வரும்போது கொழுந்தனுக்கு அடித்தேன், எடுக்கவில்லை. முறுக்கு சுடுகிற நேரம். பஸ்ஸை விட்டு இறங்கிக் காட்டுக்கு ஓடினேன். கிணற்று மேட்டில் ஜே.சி.பி. நின்றது. மாடு கட்டித் தண்ணீர் இறைத்த காலத்துக் கவலைக்கல்லைப் பெயர்த்து ஒரு பக்கம் போட்டிருந்தார்கள். பக்கத்தில் மண் குவித்திருந்தது, இன்னும் உள்ளே தள்ளவில்லை. வண்டியில் முப்பது வயது மதிக்கத்தக்க ஒருத்தர், வடக்கத்தி ஆள்.

"அம்மா, தள்ளி நில்லு. மண்ணு விழும்," என்றார் தமிழில்.

"உனக்கு இந்தி தெரியுமா?" என்று கேட்டேன்.

என் வாழ்நாளில் யாரிடமும் நான் அப்படிக் கேட்டதில்லை. அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "இந்திதாம்மா என் பாஷை," என்றார். வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்து போனை வாங்கினார். வாய்க்குள் ஒரு தடவை வாசித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார்.

"அம்மா, இதுல எழுதியிருக்கு, நீ ஆட்சேபம் பண்ணினது உன் இஷ்டத்துல வாபஸ் ஆச்சு."

"என் இஷ்டத்துலயா?"

"ஆமா. கீழ இன்னும் இருக்கு. இது நீ செய்யலைன்னா, பத்து நாளுக்குள்ள, இல்லைன்னு இங்கயே பதில் போடு. போட்டா வாபஸ் கேன்சல்."

ஒரு மாதமாக அந்தச் செய்தி கடைக் கல்லாவில் கிடந்தது. இவர் தினமும் சாம்பிராணி காட்டிய கல்லாவில், ஒரு வார்த்தை பதில் போட்டால் கிணறு பிழைக்கும் என்ற செய்தி கிடந்தது. எனக்கு அழுகை வரவில்லை. அழுதால் ஆத்திரம் குறைந்துவிடும்போல் இருந்தது, அழ மாட்டேன் என்று நின்றேன். போனைத் திரும்ப வாங்கி அந்தச் செய்திக்கு அடியில் தமிழில் அடித்தேன். 'இல்லை. நான் வாபஸ் வாங்கவில்லை. இது என் கிணறு. மூடக் கூடாது.' அனுப்பினேன்.

கண் மூடித் திறப்பதற்குள் பதில் வந்தது. இந்தியில்தான்.

"என்ன சொல்லுது?"

அவர் வாசித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "நீ எழுதினது புரியலையாம். திருப்பி அனுப்பச் சொல்லுது."

மறுபடி அனுப்பினேன். மறுபடி அதே பதில். இந்தியில் போட்டாலும் பத்து நாள் தாண்டிவிட்டது என்றார் அவர், ஆனாலும் இன்னொரு தடவை அனுப்பினேன். அசைந்துகொடுக்கவில்லை. புரியவில்லை என்று அது சொன்னால் விவகாரம் அங்கேயே நின்றுவிடுகிறது. எவனும் அதனிடம், நீ புரிந்துகொண்டதாக டிக் போட்டிருக்கிறாயே என்று கேட்பதில்லை. நான் படித்துப் புரிந்துகொண்டே ஆக வேண்டும். அதற்குப் புரியாமலே இருக்கலாம். அந்தப் பாக்கியம் அதற்கு மட்டும் எப்படிக் கிடைத்தது?

போனை முந்தானையில் முடிந்துகொண்டு, கிணற்று விளிம்பில், மண் தள்ள வேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்தேன்.

வண்டிக்காரர் மேலே யாருக்கோ போன் போட்டார். பேசிவிட்டு என்னிடம் நீட்டினார். மறுமுனையில் ஒருத்தர் இந்தியில் கத்தினார். "புரியல," என்றேன். மறுபடி கத்தினார். "புரியல. திருப்பிச் சொல்லுங்க," என்றேன். நாலைந்து தடவை சொன்னதும் அவரே வைத்துவிட்டார். வண்டிக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கருவேல நிழலில் போய் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார்.

வெயில் சாயும் நேரத்தில் ஜீப் வந்தது. இன்ஜினியர் இறங்கி, "மேடம், ப்ளீஸ் மூவ்," என்றார். அந்த இங்கிலீஷ் எனக்கு நன்றாகத் தெரியும். "புரியல," என்றேன். கையைக் காட்டிச் சொன்னார். போலீஸ் என்றார். கையைக் காட்டினாலும் புரியவில்லை, போலீஸ் என்றாலும் புரியவில்லை. அவருக்கு முகம் கறுத்துவிட்டது. ஜீப்புக்குள் பார்த்து யாரையோ கூப்பிட்டார்.

மாரிச்செல்வம் இறங்கி வந்தான். மண்மேட்டைச் சுற்றிக்கொண்டு வந்து என் எதிரே குத்தவைத்து உட்கார்ந்தான்.

"அக்கா, எந்திரிங்கக்கா. மேல எழுதுவோம், நானே கூட வாரேன். இப்ப வேலைய நிப்பாட்டக் கூடாதுக்கா. நீங்க சம்மதம் குடுத்தாச்சுல்ல."

நல்ல தமிழ். எங்கள் ஊர்த் தமிழ். ஒரு வார்த்தை தப்பவில்லை. நான் அவன் முகத்தைப் பார்த்தேன்.

"புரியல தம்பி," என்றேன். "திருப்பிச் சொல்லு."